செல்போனுக்கும் கணக்கு முடிக்க வேண்டும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா காலத்து மளிகைக் கடை ஒன்று. அண்ணன், தம்பி இருவரும் இருபது வருடங்களுக்கு மேல் ஒரே கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்து தேவைகள் பெருகியதும், உறவுக்காரப் பெரியவர்கள் முன்னிலையில் மனக்கசப்பு இல்லாமல் பாகம் பிரித்துக் கொண்டார்கள். பழைய கடையும் அதன் ஜி.எஸ்.டி. பதிவும் அண்ணனிடமே இருந்தன. தம்பி சிதம்பரம் போய் கீழவீதிப் பக்கம் தன் பெயரில் புதிய பதிவு எடுத்துக் கடை போட்டார். சரக்கு, தராசு, ரேக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி என்று எல்லாவற்றையும் நோட்டுப் போட்டு எழுதிப் பிரித்தார்கள். தம்பி கையிலிருந்த செல்போனை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது என்ன பெரிய சொத்தா என்று விட்டுவிட்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, தயிர், ஐஸ்கிரீம் வைக்க ஒரு ஃப்ரீசர் வாங்க நினைத்தார் தம்பி. கல்லாவில் உட்கார்ந்தபடியே விற்பனை நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் ஆர்டர் போட்டார். விலை ரூ.40,000. அதற்கு 18 சதவீத வரி ரூ.7,200. ஃப்ரீசர் நல்லபடியாகக் கடைக்கு வந்து இறங்கியது. பில் இ-மெயிலில் வந்தது. நம்மில் பலரைப் போலவே அவரும் அதைத் திறந்து பார்க்காமல் கணக்கருக்கு அனுப்பிவிட்டார்.

மறு மாதம் கணக்கர் கூப்பிட்டார். "அண்ணே, ஃப்ரீசர் பில்லு உங்க 2பி-யில ஏறவே இல்லையே!" என்றார். அதே வாரம் கடலூரில் அண்ணனின் கணக்கர், "நீங்க ஃப்ரீசர் எதுவும் வாங்கினீங்களா? உங்க பேர்ல ரூ.7,200 வரி வரவாகியிருக்கு" என்று கேட்டிருக்கிறார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. "பாகம் பிரிச்சப்புறமும் என் நம்பர்ல தம்பி சரக்கு எடுக்கிறானா?" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு தம்பியின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இருபது வருடம் ஒரே கல்லாவில் இருந்தவர்கள் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை.

33 என்று அடித்ததும் வந்த எண்

நடந்தது இதுதான். ஆர்டர் போடும்போது ஜி.எஸ்.டி. எண் கேட்கும் கட்டத்தில் தம்பி '33' என்று அடித்தார். உடனே முழு எண்ணும் கீழே தோன்றியது. அதைத் தொட்டார், கட்டம் நிரம்பியது. கடையில் நாலு பேர் நிற்கும் நேரம். பதினைந்து இலக்கத்தையும் யார் சரிபார்ப்பார்கள்?

தமிழ்நாட்டில் பதிவு செய்த எந்த வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண்ணும் 33 என்றுதான் தொடங்கும். அது நம் மாநிலத்தின் குறியீடு. அடுத்த பத்து எழுத்தும் எண்ணும் அவரவர் பான் எண். ஆக, முதல் இரண்டு இலக்கத்தை வைத்து அண்ணன் எண்ணா, தம்பி எண்ணா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கூட்டாக இருந்த காலத்தில் அதே போனில் பலமுறை அடித்த பழைய எண்ணை போன் ஞாபகம் வைத்திருந்தது. விலாசம் கேட்ட கட்டத்திலும் பழைய கடை விலாசம்தான் வந்ததாம். 607002 என்ற பின்கோடு கண்ணில் பட்டதால் அதை அழித்து 608001 என்று மாற்றியிருக்கிறார். எண்ணில் அந்தக் கவனம் தவறிவிட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல், நமக்குச் சரக்கு விற்றவர் தாக்கல் செய்த பில் நம் 2பி படிவத்தில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவை நாம் எடுக்க முடியும். பணம் கொடுத்தேன், சரக்கு வந்தது, பில்லும் கையில் இருக்கிறது என்றால் மட்டும் போதாது. தம்பி வரவை எடுக்க முடியாது, ஏனென்றால் பில் அவர் எண்ணில் இல்லை. அண்ணனும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் சரக்கு அவருக்கு வரவில்லை. தெரியாமல் எடுத்திருந்தால் பிறகு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

கேட்காமலே எழுதும் கணக்குப்பிள்ளை

நம் போனில் இணையதளங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு பிரவுசர் என்று பெயர். பெரும்பாலான போன்களில் அது குரோம். ஐபோனில் சஃபாரி. சாம்சங் போன்களில் சாம்சங் இன்டர்நெட் என்று ஒன்று கூடுதலாக இருக்கும். ஒரு படிவத்தில் பெயர், விலாசம், போன் நம்பர், இ-மெயில் என்று நாம் அடிப்பதை இந்தப் பிரவுசர் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே மாதிரிக் கட்டம் வந்தால், முதல் எழுத்தை அடித்ததும் பழையதை எடுத்து நீட்டுகிறது. இதற்குத்தான் ஆட்டோஃபில், அதாவது தானே நிரப்புதல் என்று பெயர்.

சிலவற்றைச் சேமிக்குமுன் "சேவ் செய்யவா?" என்று அது கேட்கும். பாஸ்வேர்டு, கார்டு நம்பர் போன்றவை அப்படி. நாம் அவசரத்தில் அந்தக் கேள்வியைப் படிக்காமலே ஆமாம் என்று தொட்டுவிடுகிறோம். வெறும் கட்டங்களில் அடிக்கும் எண்களையும் பெயர்களையும் அது கேட்காமலே குறித்துக்கொள்ளும். சம்பளம் கேட்காத கணக்குப்பிள்ளை ஒருவர் கல்லா ஓரம் உட்கார்ந்து, நாம் பேசுவதையெல்லாம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதில் தவறில்லை. ஆனால் யார் வந்து கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டிவிடுவார். பழைய பக்கம் எது, புதிய பக்கம் எது என்றும் அவருக்குத் தெரியாது.

வணிக நண்பர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் போனில் எதையெல்லாம் அடிக்கிறோம்? ஜி.எஸ்.டி. தளத்தின் பயனர் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்கும் விவரம், உத்யம் பதிவு, மின் இணைப்பு எண், வங்கிக் கணக்கு எண், மொத்த வியாபாரிகளின் ஆர்டர் தளங்கள். அந்த போனை எத்தனை பேர் தொடுகிறார்கள்? கல்லாவில் பையன் உட்காரும்போது அவன் கையில். சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்யும் தம்பி கையில். சாயங்காலம் பேரப்பிள்ளை கையில். வீட்டில் பீரோ சாவியை இப்படி யாரிடமாவது கொடுப்போமா?

சிதம்பரத்தில் கேட்ட இன்னொரு சேதி

சொந்தக் கணக்கு மாறிப்போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிட முக்கியமானது. அண்ணாமலை நகர் பக்கம் மளிகையோடு ஜெராக்ஸும் வைத்திருக்கும் ஒரு நண்பர் சொன்னார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அவர் கடைக்கு வந்து, "அண்ணே, போன்ல சார்ஜ் இல்ல, இந்த ஃபாரத்தைப் போட்டுக் கொடுங்க" என்று கேட்பார்களாம். தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை, ரயில் டிக்கெட் எதுவானாலும் தன் போனிலேயே போட்டுக் கொடுப்பார். சில நேரம் காசு கூட வாங்கமாட்டார். பிள்ளைகள் நம் கடைக்குத்தானே சோப்பு, பிஸ்கட் வாங்க வருகிறார்கள் என்ற நினைப்பு.

ஒருநாள் ஒரு பையன் வந்து போனை வாங்கித் தானே விண்ணப்பம் போட்டிருக்கிறான். போன் நம்பர் கட்டத்தைத் தொட்டதும் ஏழெட்டு நம்பர்கள் வரிசையாக வந்தன. பெயர்க் கட்டத்தைத் தொட்டால் முந்தின வாரம் வந்த மாணவிகளின் பெயர்கள். விலாசக் கட்டத்தில் விடுதி அறை எண்ணோடு விலாசம். அந்தப் பையன் நல்ல பையன். "அண்ணே, இதெல்லாம் யாருடையது? அழிச்சிடுங்க" என்று அவனே சொல்லியிருக்கிறான். "வேற ஒருத்தன் பார்த்திருந்தா என் கதி என்ன? ஒரு பொண்ணோட அப்பா வந்து, என் மகள் நம்பர் உன் கடையிலேர்ந்துதான் போச்சுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?" என்று நண்பர் என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மளிகைக் கடைக்காரனிடம் ஊர் ஜனங்கள் கடன் சொல்வார்கள், வீட்டு விசேஷம் சொல்வார்கள், யார் வீட்டில் சர்க்கரை வியாதி என்பதும் நமக்குத் தெரியும். கேட்டதை நாம் வெளியில் சொல்வதில்லை என்பதால்தான் அவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நாம் வாயை மூடிக்கொண்டிருக்க, நம் போன் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கை என்ன ஆகும்?

சட்டமும் இந்தப் பக்கம்தான் போகிறது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்காக வாங்கிய பிறர் விவரத்தை அந்தக் காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, வாடிக்கையாளர் மேல் உள்ள மரியாதைக்காகச் செய்வது நம் தொழிலுக்கு அழகு.

திரைக்குப் பின்னால்

சிதம்பரத்துக்காரர்களுக்கு ரகசியத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே திரையை விலக்கினால் ஆகாசம்தான் இருக்கிறது, தங்க வில்வமாலை மட்டும் தெரியும். செல்போன் திரை அதற்கு நேர்மாறு. மேலே ஒன்றும் தெரியாது, பின்னால் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

இதில் ஏமாற்றுக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. 2017 ஜனவரியில் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்யாமி குவோஸ்மனென் என்ற இணையத் தொழில்நுட்பர் ஒரு சோதனைப் பக்கம் செய்து காட்டினார். பார்ப்பதற்குப் பெயர், இ-மெயில் என்று இரண்டே கட்டம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போன், விலாசம் முதலிய கட்டங்களும் இருந்தன. பெயரைத் தொட்டு ஆட்டோஃபில் செய்ததும் மறைந்திருந்த கட்டங்களும் சேர்ந்து நிரம்பின. கொடுத்தவர் இரண்டு கொடுத்ததாக நினைப்பார், வாங்கியவருக்கோ எல்லாமே கிடைத்துவிடும்.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவில் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணனும் ஒருவர். பிரவுசர் சேமித்து வைத்த இ-மெயில் விவரத்தை, மறைவான கட்டம் வைத்து எடுத்து, ஆட்களைப் பின்தொடரப் பயன்படுத்தும் நிரல்கள் 1,110 இணையதளங்களில் இருப்பதை அவர்கள் வெளியிட்டார்கள். பிரவுசர் நிறுவனங்கள் அதற்குப் பிறகு பாதுகாப்பைக் கூட்டியிருக்கின்றன. ஆனாலும் இருக்கும் விவரம்தானே திருடு போகும்? இல்லாத விவரத்தை யாரும் எடுக்க முடியாது.

கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கி இதே யோசனையைத்தான் செய்தது. 2022 அக்டோபர் 1 முதல், இணையத்தில் விற்பவர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது என்று ஏற்பாடு வந்தது. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண் பயன்படுகிறது. விற்பவர் வைக்கக் கூடாத எண்ணை நாம் கடை போனில் சேமித்து வைத்தால் அந்த ஏற்பாட்டுக்கு என்ன பொருள்?

துடைப்பது எப்படி?

கடை பெருக்கும் நேரம்கூட இதற்கு ஆகாது. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. தளம், உணவு உரிமம், மொத்த வியாபாரிகளின் தளங்கள் ஆகியவற்றின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாதவற்றை எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். அழித்த பிறகு தேடினால் கிடைக்காது. தாக்கல் தேதிக்கு முதல்நாள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

குரோம் வைத்திருப்பவர்கள், வலது பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட வேண்டும். 'டெலீட் பிரவுசிங் டேட்டா' என்று வரும். பழைய போன்களில் 'கிளியர் பிரவுசிங் டேட்டா' என்றிருக்கும். உள்ளே போனால் 'மோர் ஆப்ஷன்ஸ்' அல்லது 'அட்வான்ஸ்டு' என்ற பகுதி இருக்கும். காலம் கேட்கும் இடத்தில் 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் அண்மையில் அடித்தது மட்டும்தான் போகும், பழைய எண் அப்படியே இருக்கும். பிறகு 'ஆட்டோஃபில் ஃபார்ம் டேட்டா' என்ற ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டு மற்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' என்பதற்கு டிக் இருந்தால் பாஸ்வேர்டுகள் போய்விடும். 'குக்கீஸ்' என்பதற்கு டிக் இருந்தால் நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும் தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள்.

இனிமேல் சேமிக்காமல் இருக்க, அதே மூன்று புள்ளியில் 'செட்டிங்ஸ்' போய் 'அட்ரசஸ் அண்டு மோர்', 'பேமென்ட் மெத்தட்ஸ்' ஆகிய இரண்டிலும் உள்ள சேமிக்கும் பொத்தானை அணைத்துவிடலாம். அங்கேயே பழைய விலாசம், கார்டு ஏதும் இருந்தால் தொட்டு நீக்கலாம்.

எல்லாவற்றையும் அழிக்க மனமில்லை, ஒரே ஒரு தவறான எண்தான் தொல்லை தருகிறது என்றால், கட்டத்தில் அது தோன்றும்போது அதன்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். நீக்கவா என்று குரோம் கேட்கும். நம் சிதம்பரம் தம்பி அன்றைக்கே இதைச் செய்திருந்தால் பத்து நாள் மனவருத்தம் மிச்சம்.

சாம்சங் இன்டர்நெட்டில் செட்டிங்ஸ் போய், 'பர்சனல்' என்று தொடங்கும் பகுதியில் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' என்பதைத் தொட்டு, 'ஆட்டோஃபில்' என்றிருப்பதற்கு டிக் போட வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் சஃபாரியைத் தேடி எடுத்து 'ஆட்டோஃபில்' என்பதைத் திறந்தால், விவரம் நிரப்புவதை அணைக்கவும் சேமித்த கார்டுகளை நீக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. பாஸ்வேர்டுகள் 2024-இல் வந்த ஐ.ஓ.எஸ். 18 முதல் 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற தனிச் செயலியில் இருக்கின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடை போனிலும் வீட்டு போனிலும் ஒரே கூகுள் கணக்கைப் போட்டு, விவரங்கள் இரண்டிலும் ஒன்றாகும்படி வைத்திருந்தால், ஒன்றில் அழிப்பது மற்றதிலும் அழியும். இதே காரணத்தால், நீங்கள் வீட்டில் அடிக்கும் விவரம் கடை போனிலும் வந்து உட்காரும். கடை போனுக்குத் தனியாக ஒரு கணக்கு வைப்பது நல்லது.

இதனால் போகாதவை

பிரவுசரைத் துடைத்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு விற்பனைத் தளத்தில் கணக்குத் தொடங்கி விலாசமும் ஜி.எஸ்.டி. எண்ணும் கொடுத்திருந்தால், அவை அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. அங்கே உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும். தட்டச்சு செய்யும் கீபோர்டும் நாம் அடிக்கும் சொற்களைக் கற்றுக்கொண்டு எடுத்துக் கொடுக்கும். அதை கீபோர்டின் செட்டிங்ஸில் தனியாக அழிக்க வேண்டும். டவுன்லோடு செய்த ரசீதும் விண்ணப்பமும் டவுன்லோட்ஸ் பகுதியிலேயே கிடக்கும். அண்ணாமலை நகர் நண்பர் இப்போது மாணவர்களின் விண்ணப்பங்களை இன்காக்னிட்டோ என்ற தனிப்பக்கத்தில் போட்டுக் கொடுக்கிறார். அதில் புதிதாக எதுவும் பதிவாகாது. ஆனால் முன்பே சேமித்திருந்தது அங்கேயும் தலைகாட்டலாம் என்பதால், முதலில் பழையதை அழித்துவிட்டுத்தான் தொடங்கினார். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸையும் அந்தப் பிள்ளைகள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுகிறார்.

எல்லாமே வேண்டாமா?

"அவசரத்துக்கு உதவுகிற வசதியை எதற்கு அழிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்பது சரிதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோதும், 2015 மழை வெள்ளத்திலும், நனைந்த கணக்கு நோட்டுகளை வெயிலில் காயவைத்தவர்கள் நம்மில் உண்டு. நினைவு என்பது எவ்வளவு பெரிய முதல் என்று நமக்குத் தெரியும். பாஸ்வேர்டு சேமிக்கும் வசதியில் ஒரு நன்மையும் இருக்கிறது. வங்கித் தளம் போலவே போலித் தளம் ஒன்றைக் காட்டி யாராவது ஏமாற்றப் பார்த்தால், முகவரி வேறு என்பதால் பிரவுசர் பாஸ்வேர்டை நிரப்பாது. நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

ஆகவே போனைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் சட்டைப் பையிலேயே இருக்கும், லாக் போட்ட சொந்த போனில் தேவையான பாஸ்வேர்டுகள் இருக்கட்டும். கல்லாவில் பலர் கை படும் போனில் எதுவும் சேமிக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் ரகசியம் என்று நினைக்க வேண்டியதில்லை. அதைக் கடை வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே விதி. அதற்குள்ளேயே பான் எண்ணும் இருக்கிறது. நாம் காக்க வேண்டியது பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. ஆகிய மூன்றையும். இம்மூன்றும் ஒரே போனில், அதுவும் எல்லோர் கையிலும் புழங்கும் போனில் இருப்பது, பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைப்பது போல.

போனைக் கைமாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். புது போன் வாங்கிப் பழையதைக் கொடுக்கும்போதும், வேலை செய்யும் பையனுக்குத் தரும்போதும், முதலில் கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸில் 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள். கணக்கை நீக்காமல் சிலர் வேறு வழியில் ரீசெட் செய்துவிடுவார்கள், வாங்கியவர் திறக்க முடியாமல் திரும்ப வந்து நிற்பார். பணம் போய்விட்டது, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

அண்ணன் தம்பி கணக்கு

அண்ணன் தம்பி கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். தம்பி போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கடலூர் போனார். அண்ணன் கடை கல்லாவில் வைத்தே '33' என்று அடித்துக் காட்டினார். பழைய எண் துள்ளிக்கொண்டு வந்தது. "பாருண்ணே, நான் அடிக்கல. இதுவா வருது" என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பாவோட பழைய விலாசம்கூட வருமா?" என்று கேட்டாராம். விலாசக் கட்டத்தைத் தொட்டதும் அதுவும் வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. தளத்தில் வந்த பில் ஏற்கும், மறுக்கும் வசதியைப் பயன்படுத்தி அண்ணன் அந்தப் பில்லை மறுத்தார். விற்ற நிறுவனத்துக்குத் தம்பி எழுதிக் கேட்டு, அவர்கள் எண்ணைத் திருத்தித் தாக்கல் செய்து, ரூ.7,200 அவர் 2பி-யில் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. இப்படிப்பட்ட திருத்தத்துக்கு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் கெடு. அதற்குள் கவனித்ததால் தப்பித்தார்கள். கணக்கர் அந்த மாதமே கூப்பிட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் பணமும் போயிருக்கும், பேச்சும் போயிருக்கும்.

ஆயுத பூஜைக்கு நாம் தராசைத் துடைக்கிறோம், படிக்கல்லைக் கழுவுகிறோம், கல்லாப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பொட்டு வைக்கிறோம். செல்போனும் இன்று நமக்கு ஓர் ஆயுதம்தான். அதற்கும் பொட்டு வைக்கிறோம், ஆனால் உள்ளே துடைப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்த நாளிலும், அதோடு கடை மாறும்போதும், பாகம் பிரியும்போதும், ஆள் மாறும்போதும், போன் மாறும்போதும் பிரவுசரின் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் கடை போனை எடுத்து, ஏதாவது ஒரு படிவத்தில் 33 என்று அடித்துப் பாருங்கள். யார் எண் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.